செவிப் பற்றரிக்குச் செய்த பேழை

இக்கதை 2003ஆம் ஆண்டு மாசி மாதம், கொட்டாஞ்சேனையில் பெட்டி அடிக்கும் அழகுமுத்து என்பவரிடம் கேட்டது. கதையில் வரும் பேழையை அடித்தவர் அவரே என்பதால், அவர் சொன்ன பாடமே இங்கு மூலமாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளவத்தையிலும் வத்தளையிலும் வழங்கும் பாடங்கள் பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகின்றன. முடிவில்தான் விலகுகின்றன.

யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை போரால் மூடிக் கிடந்த காலம். போக வேண்டியவர்கள் இரத்மலானையில் விமானம் ஏறிப் பலாலியில் இறங்கினார்கள். அந்த 1997ஆம் ஆண்டில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாகேந்திரம் தம் மனைவி சரோஜினிதேவியுடன் வாழ்ந்துவந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அரசாங்க சேவையில் இருந்து, பிரதம எழுதுவினைஞராக இளைப்பாறியவர். அவர் மேசைக்கு வந்த எந்தக் கடிதமும் பதில் பெறாமல் இருந்ததில்லை. அவர் மேசையை விட்டுப் போன எந்தப் பதிலும் மூன்று பிரதி எடுக்கப்படாமல் போனதில்லை. இளைப்பாறிய பின்பும் சலவைக்காரரிடம் உடுப்புக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்குவார்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள், கொக்குவிலில் தனியே இருக்கும் அவருடைய அக்கா இரத்தினம்மாவிடமிருந்து கடிதம் வந்தது.

"தம்பி, காதுக்குள்ளை வைக்கிற மிசினின்ரை பற்றரி முடிஞ்சு போச்சு. இஞ்சை பற்றரி எண்டு சொன்னாலே கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடுறான். போன செவ்வாய்க்கிழமை சங்கக்கடைக்குப் போகேக்கை, ஆமிச் சென்றியிலை நிக்கச் சொன்னவங்களாம். எனக்குக் கேக்கேல்லை. நான் என்ரை பாட்டிலை நடந்தனான். பின்னாலை சைக்கிளிலை வந்த ஐயர் குதிச்சு விழுந்து மறிச்சிருக்காட்டி, இந்தக் கடிதத்தை உனக்கு வேறை ஆரும்தான் எழுதியிருப்பினம். துவக்கை நீட்டினவனும் ரெண்டடி பின்னுக்குப் போனவன். பாவம், அவனுக்கும் என்னிலை பயம். ரெண்டு பற்றரி அனுப்பு. கடைக்குப் போக வேறை பாதை இல்லை."

நாகேந்திரம் அன்று மாலையே காலி வீதிக் கடையொன்றில் இரண்டு பற்றரி வாங்கினார். ஒவ்வொன்றும் துவரம்பருப்பை விடச் சற்றே பெரிது. உள்ளங்கையில் வைத்து மூச்சு விட்டால் உருண்டுவிடும்.

"இஞ்சாருங்கோ," என்றாள் சரோஜினிதேவி. "பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி வியாழக்கிழமை பயணம். குங்குமச் சிமிழுக்குள்ளை போட்டுக் குடுத்துவிடுவம்."

"ஒளிச்சோ?"

"நாங்கள் எங்கை ஒளிக்கிறது? அதைச் செய்தவனே ஒளிக்கிற அளவிலைதானே செய்து விட்டிருக்கிறான்."

"அது தடையோ இல்லையோ எண்டு தெரியாமல் குடுக்கேலாது."

"தடை எண்டு ஆராவது சொன்னவையோ?"

"இல்லை."

"தடையில்லை எண்டு?"

"அதையும் ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை, அதுதான் பிழை. நான் கேக்கிறன்."

சரோஜினிதேவி கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடி அகப்பையைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் 'வான்வழி ஆபத்துப் பண்டப் பொதியிடல் மேற்பார்வைப் பணியகம்' இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்பது அதன் பெயர்ப்பலகையைக் கொண்டு சொல்லப்படுவது. உதவி அத்தியட்சகர் ஹேமபால அங்கே ஒரு மின்விசிறிக்குக் கீழே, காகிதங்கள் பறக்காமல் இரு கைகளையும் அவற்றின்மேல் வைத்தபடி அமர்ந்திருந்தார். நல்ல மனிதர். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். கதை சொல்வோர் தமிழில் சொல்வது வழக்கம்.

"செவிப் பற்றரியா?" என்றார் ஹேமபால. "மாத்தயா, வடக்கே கொண்டுபோகக் கூடாதவற்றின் பட்டியலில் டோர்ச் பற்றரி இருக்கிறது, வானொலிப் பற்றரி இருக்கிறது. இது இல்லை."

"அப்படியானால் அனுமதி உண்டு."

"அப்படி நான் சொல்லவில்லை. பட்டியலில் இல்லை என்றேன்."

"அப்படியானால் தடை உண்டு."

"அப்படியும் சொல்லவில்லை." ஹேமபால குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு விமானத்திலும் நாலைந்து வயோதிபர்கள் இதைக் காதிலேயே வைத்துக்கொண்டு போகிறார்கள். நான் காதுக்குள் பார்ப்பதில்லை. நீங்களும் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். நான் இன்றைக்கு உங்களைக் கண்டதும் இல்லை."

இதைக் கேட்டு வேறொருவர் என்றால் படியிறங்கியிருப்பார். நாகேந்திரமோ பையைத் திறந்து, மூன்று பிரதிகளில் தட்டச்சு செய்த மனுவை எடுத்து மேசையில் வைத்தார்.

"எழுத்தில் பதில் வேண்டும்."

ஹேமபாலவின் முகம் வாடியது. "மாத்தயா, எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும்."

"அதற்குத்தான் கேட்கிறேன்."

வியாழக்கிழமை ஜெகதீஸ்வரி பறந்தாள். அவளுடைய சிமிழுக்குள் குங்குமம் மட்டுமே இருந்தது.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. பன்னிரண்டு பந்திகள். பணியகத்தின் விதிநூலில் பற்றரி பற்றி ஒரேயோர் அத்தியாயம்தான் உண்டு. அது லொறிப் பற்றரிக்காக எழுதப்பட்டது. மேற்படி பொருள் பற்றரி என மனுதாரரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதனால், அது அவ்வத்தியாயத்தின் கீழ், எட்டாம் வகுப்பு அரிபொருளாகக் கொள்ளப்படும். அமில நாசம் ஏற்படாத உட்சுவர் கொண்ட மரப்பேழையில் அடைக்கப்பட வேண்டும். கசியக்கூடிய அமிலம் முழுவதையும் உறிஞ்சும் அளவு மரத்தூள் நிரப்ப வேண்டும். இருவர் தூக்குவதற்கு நான்கு கைபிடிகள் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே என்பதை அம்புக்குறி காட்ட வேண்டும். நான்கடி உயரத்திலிருந்து மூலைக்கு ஒரு முறையாகப் போட்டு உடையாதெனக் காட்ட வேண்டும். பொதி பயணத்தில் இருக்கும் காலம் முழுவதும், அதன் தன்மை அறிந்த ஒருவர் இரவும் பகலும் தொலைபேசியருகே இருத்தல் வேண்டும். இந்தப் பதவி சரோஜினிதேவிக்குக் கிடைத்தது.

பன்னிரண்டாம் பந்தி தனியாக ஒரு சுற்றறிக்கையாகவும் வெளிவந்தது. செவிப் பற்றரி ஆபத்துப் பண்டம் என்ற உண்மை மனுதாரரால் பணியகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளமையால், இனிமேல் பயணிகள் காதிலிருந்து அதை அகற்றிய பின்பே விமானத்தில் ஏற்றப்படுவர். அடுத்த வாரம் இரத்மலானையில் ஐந்து வயோதிபர்களின் காதுகள் வெறுமையாக்கப்பட்டன. அவர்களில் இருவர் பெயர் கூப்பிட்டது கேளாமல் வாங்குப் பலகையில் இருந்தபடியே விமானத்தைத் தவறவிட்டனர். அந்த ஒழுங்கையில் நாகேந்திரத்தோடு கதைப்பதை மூன்று குடும்பங்கள் நிறுத்திக்கொண்டன.

"கேட்டீங்கள்," என்றாள் சரோஜினிதேவி. "கிடைச்சிட்டுது."

"இப்ப எண்டாலும் என்ன செய்ய வேணும் எண்டு திட்டமாத் தெரியுதுதானே," என்றார் நாகேந்திரம்.

அவர் கொட்டாஞ்சேனைக்குப் போய் அழகுமுத்துவைக் கண்டார். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி அடித்துப் பழகிக் கொழும்புக்கு வந்தவர் அழகுமுத்து. அளவுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்கையா, ஆட்டுக்கா பொட்டி?"

நாகேந்திரம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து விரித்துக் காட்டினார். அழகுமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"ஐயா, இதத் தும்மாமப் பாத்துக்கிட்டாலே போதுமே."

"விதியிலை உள்ள அளவு, அழகுமுத்து. விரல்கடை குறையக் கூடாது."

"சரிங்க. இந்த அம்புக்குறின்னு போட்டிருக்கே, இதுக்கு எது மேல, எது கீழ? ரெண்டு பக்கமும் தட்டையால்ல இருக்கு."

நாகேந்திரம் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மறுநாளே கோட்டைக்குப் போய்க் கேட்டார். சக (+) அடையாளம் உள்ள பக்கமே மேற்பக்கம் என்ற தீர்மானம், பத்து நாட்களில், முத்திரையோடு வந்தது. அந்தப் பத்து நாட்களுக்குள் அக்காவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்திருந்தது. கடைக்குப் போவதை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துவிட்டாளாம். ஐயர் போகும் நேரம் பார்த்து, அவர் பின்னால் போகிறாளாம். "ஐயருக்கு வெள்ளிக்கிழமையிலை கோயில் வேலை. அண்டைக்குப் பட்டினி."

பேழை அடித்து முடிந்தது. வெறும் பெட்டியும் மரத்தூளும் சேர்ந்து முப்பத்தொரு கிலோ. சோதனைக்கு ஹேமபால நேரில் வந்தார். நான்கடி மேசையிலிருந்து எட்டு மூலைக்கும் எட்டு முறை விழுந்தும் பேழை அசையவில்லை. அழகுமுத்துவின் கடைத் தரையில்தான் எட்டுக் குழி விழுந்தது.

"சோதனையில் சித்தி," என்றார் ஹேமபால. "ஆனால் சோதிக்கப்பட்ட பேழையை அனுப்ப முடியாது. விழுந்து விழுந்து பலவீனப்பட்டிருக்கும் என்று விதி கருதுகிறது."

"அப்போ இதே மாதிரி இன்னொண்ணு அடிக்கிறேன் சேர்."

"அடியுங்கள். ஆனால் அது சோதிக்கப்படவில்லையே."

"சோதிச்சா?"

"அனுப்ப முடியாது."

அழகுமுத்து உளியைக் கீழே வைத்தார். நாகேந்திரம் மட்டும் கலங்கவில்லை. அரசாங்க சேவையில் இதை விடச் செங்குத்தான மதில்களை அவர் கண்டிருக்கிறார். "முதலாவது விழும்போது இரண்டாவது பேழை அருகில் சாட்சியாக நின்றால்?" என்றார்.

ஹேமபால விதிநூலைப் புரட்டினார். அப்படி நிற்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவ்வாறே இரண்டாம் பேழை அடிக்கப்பட்டு, முதற்பேழை மறுபடி எட்டு முறை விழுவதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டு, சித்தியடைந்தது. அதன் நான்கு பக்கமும் எட்டாம் வகுப்பின் சாய்சதுரச் சீட்டு ஒட்டப்பட்டது: ஒரு கை, அதன்மேல் சொட்டும் திராவகம், கீழே கறுப்பில் எட்டு. பேழை வெள்ளவத்தைக்கு வந்து நாகேந்திரத்தின் வாசற் படலையடியில் இரண்டு நாள் இருந்தது.

அங்கேதான் முஹம்மது நானா அதைக் கண்டார். காலி வீதியில் தொலைபேசி நிலையம் வைத்திருந்தவர். பலாலிக்குப் பார்சல் பாரம் எடுப்பதும் அவருடைய தொழில். பாரமேற்றும் ஆட்கள் அந்தச் சீட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாத குறையாக, நாலு பேர் பிடித்து, சுவாமி தூக்குவது போல் தூக்கி, மெல்ல வாகனத்தில் வைத்ததையும் கண்டார். அதே ஆட்கள் முந்தின நாள் ஒரு கலியாணப் பெட்டியைத் தூக்கி எறிந்ததையும் அவர் கண்டிருந்தார்.

"இதென்னத்தியன் சங்கதி, ஐயா?" என்று நாகேந்திரத்திடம் கேட்டார். "உள்ளுக்கு என்ன ஈக்குது?"

"பற்றரி, நானா. ரெண்டு."

"அது கெடக்கட்டும். இந்தச் சீட்டு எங்க எடுக்குற? அதச் செல்லுங்க."

ஒரு மாதத்துக்குள் வெள்ளவத்தையில் இருந்து சீட்டில்லாத பார்சல் போவது நின்றுபோயிற்று. கண்ணாடி வளையல், பால்மா, பயற்றம் பணியாரம், முறுக்கு, கூறைச்சேலை எல்லாம் எட்டாம் வகுப்பாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஒன்றும் உடையவில்லை; ஒன்றும் நசியவில்லை. முறுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று யாழ்ப்பாணத்திலிருந்து கடிதங்கள் வந்தன. சீட்டு இல்லாத பார்சல் அனுப்புகிறவர்களை ஏதோ குறைந்தவர்களைப் போல மற்றவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கோயில் வாசலில் பெண்கள் கதைத்தார்கள்:

"மகளின்ரை சாமத்தியச் சடங்குச் சாமான் அனுப்பினனாங்கள். எட்டாம் வகுப்பு."

"நாங்கள் ஒன்பது போட்டு அனுப்பினனாங்கள். ஒன்பது பெரிசெல்லோ?"

"அதென்ன ஒன்பதிலை?"

"எனக்கென்ன தெரியும்! முஹம்மது நானா சொன்னவர், எட்டுக்கும் மேலை எண்டு."

ஆனால் ஒரு விமானத்தில் ஆறு ஆபத்துப் பொதிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதும் விதி. முன்னெல்லாம் அந்த ஆறு இடமும் வெறுமையாகக் கிடந்தன. இப்போது வரிசை. நாகேந்திரத்தின் பேழை, தொலைபேசி எண்ணை உறுதிசெய்யும் கடிதம் தாமதித்ததால், இருநூற்றுப் பதினான்காம் இடத்தில் நின்றது. சரோஜினிதேவி ஆறு வாரம் தொலைபேசியருகே படுத்தாள். மூன்று அழைப்பு வந்தது. மூன்றும் பிழையான எண். "ஓம், பற்றரிதான். வையுங்கோ," என்று மூன்று பேருக்கும் சொன்னாள்.

அக்காவின் கடிதங்கள் குறுகின. கடைசிக் கடிதத்தில் ஒரு வரிதான். "ஐயர் வன்னிக்குப் போயிட்டார்."

நாகேந்திரம் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோட்டைக்குப் போனார். அன்றைக்கு மட்டும் அவர் பைக்குள் மனு இல்லை.

"எனக்கு முன்னால் இருப்பதெல்லாம் முறுக்கு," என்றார்.

"ஆபத்தென்று எழுத்தில் பிரகடனம் செய்திருக்கிறார்கள்."

"திறந்து பாருங்கள்!"

"திறந்தால் முத்திரை உடையும். முத்திரை உடைந்தால் ஆபத்து." ஹேமபால கைகளைக் காகிதத்தின் மேலிருந்து எடுத்தார், இரண்டு தாள் பறந்தன. "உண்மையில் மேலிடத்துக்கு உங்களுடையதில்தான் சந்தேகம். பருப்பளவு சாமானுக்கு இவ்வளவு பெரிய பேழை எதற்கென்று கேட்கிறார்கள்."

நாகேந்திரம் அக்காவின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஹேமபால அதன் ஒற்றை வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு விதிநூலை எடுத்து, யாரும் திறக்காத கடைசி அத்தியாயத்தைத் திறந்தார்.

"ஒரு பொதியின் பெயர், அதில் மிகுந்துள்ள பொருளின் பெயரே," என்று வாசித்தார். "ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த பொருளைப் பிரகடனம் செய்ய வேண்டியதில்லை. மாத்தயா, உங்கள் பேழையில் முப்பத்தொரு கிலோ. பற்றரி இரண்டும் ஒரு கிராம். உங்கள் பேழைக்குள் இருப்பது மரத்தூள்."

"மரத்தூள்?"

"சட்டப்படி. சாதாரணப் பண்டம். வரிசை இல்லை. சாதாரணப் பண்டம் இப்போது யாரும் அனுப்புவதில்லை. இடம் நிறைய இருக்கிறது."

பொய் சொல்லச் சொல்லியிருந்தால் நாகேந்திரம் மறுத்திருப்பார். இது விதி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சாய்சதுரச் சீட்டுகள் உரித்தெடுக்கப்பட்டு, மறுநாள் காலை விமானத்தில் பேழை மரத்தூளாகப் பறந்தது. சீட்டில்லாத பொதியாகையால், பலாலியில் அதை ஐந்தடி உயரத்திலிருந்து எறிந்தார்கள். உடையவில்லை.

இரண்டு வாரத்தில் அக்காவின் கடிதம் வந்தது. மரப்பெட்டியைக் கோடரியால் பிளக்க வேண்டியிருந்ததாம். மரத்தூளைச் சுளகில் போட்டுப் புடைத்துப் பற்றரியைக் கண்டெடுத்தாளாம். "கேக்குது தம்பி. சென்றியிலை நிக்கச் சொன்னாங்கள், நிண்டனான். போகச் சொன்னாங்கள், போனனான். பிறகு ரெண்டு பேரும் தங்களுக்குள்ளை ஏதோ சொல்லிச் சிரிச்சதும் கேட்டது. என்னைத்தான். சிரிக்கட்டும், கேட்டதே போதும்."

சரோஜினிதேவி அழுதாள். அழுதுவிட்டுத் தொலைபேசியருகே போட்டிருந்த பாயைச் சுருட்டினாள். நாகேந்திரம் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கும்போது அவருடைய நெற்றி சுருங்கியது.

"என்ன?" என்றாள் சரோஜினிதேவி.

"ஒண்டுமில்லை. போனது மரத்தூள்."

"அதுக்கு?"

"அக்கா காதுக்குள்ளை வைச்சிருக்கிறது பற்றரி. மரத்தூள் எண்டு போன சாமானைப் பற்றரியாப் பாவிக்கலாமோ எண்டு ஒரு தெளிவில்லை. நாளைக்கு ஆராவது மறிச்சுக் கேட்டால் அவ என்ன சொல்லுவா? எழுத்திலை ஒரு துண்டு கையிலை இருந்தால் நல்லது."

"இஞ்சாருங்கோ, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்."

"அவவின்ரை பாதுகாப்புக்குத்தானே கேக்கிறன்."

மனு மூன்று பிரதிகளில் போயிற்று. ஹேமபால அதை வாசித்தார். எழுந்து கதவைச் சாத்தினார். முப்பது வருட சேவையில் ஒரு நாளும் செய்யாத காரியமாக, வந்த கடிதத்தைப் பதியாமல், இலக்கமிடாமல், மேசை லாச்சியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

மூன்று வாரமாகியும் பதில் வராதபடியால், நாகேந்திரம் மேலிடத்துக்கு ஒரு நினைவூட்டல் எழுதினார்.

அழகுமுத்துவின் பாடம் இவ்விடத்தில் நிற்கிறது. வெள்ளவத்தையில் சொல்வோர், சரோஜினிதேவி அந்த நினைவூட்டலைத் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டாள் என்று முடிப்பர். நாகேந்திரம் இன்றைக்கும் தபாற்காரரை எதிர்பார்த்திருப்பதாகச் சொல்லிச் சிரிப்பர். 2004இல் வத்தளையில் கேட்ட பாடத்தில் நினைவூட்டல் போய்ச் சேர்கிறது. ஹேமபால தூர இடமொன்றுக்கு மாற்றப்படுகிறார். பதிலும் வருகிறது: மரத்தூளைச் செவியில் இடுவதற்கு விதிகளில் இடமில்லை. தம்பி அதன் பிரதியை அனுப்ப, இரத்தினம்மா பற்றரிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அன்று முதல் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியபடி கடைக்குப் போய்வருகிறாள். இந்தப் பாடத்தைச் சொன்னவர் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர். இதுவே நல்ல முடிவு என்றும், கடைசியில் ஒரு பதிலாவது எழுத்தில் வந்ததே என்றும் அவர் சொன்னார்.